துரையின் ஏழாவது காட்சி

படத்தில் துரை என்கிற பூனை ஆறு இடங்களில் வருகிறது. மாடிப்படியில் ஒருமுறை, அலமாரி மேல் ஒருமுறை, பிணத்தின் கால்மாட்டில் இரண்டுமுறை, ஜன்னல் விளிம்பில் ஒருமுறை, கடைசியாக இன்ஸ்பெக்டரின் மடியில். பூனை எங்கே உட்காருகிறதோ அங்கே கொலையின் தடயம் இருக்கும். கதாநாயகனைவிட அதற்குத்தான் கைதட்டல் விழும் என்று தயாரிப்பாளரே சொல்லிவிட்டார்.

துரையை வளர்த்தவள் அந்தப் படத்தின் எடிட்டர். இயக்குநர் அவளுடைய தங்கை புருஷன். இன்ஸ்பெக்டர் வேடமும் அவரேதான். தன் முகம் இருக்கும்போது அதை இன்னொருத்தனுக்குக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

பூனையை மாப்பிள்ளை கேட்டார், கொடுத்தாள். படப்பிடிப்பின் கடைசி நாள், “கதவு திறந்திருந்துச்சுக்கா, ஓடிப்போச்சு” என்று கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார். பதினோரு நாள் தெருத்தெருவாகத் தேடினார்கள். தங்கை நோட்டீஸ் ஒட்டினாள். பசை வாளியைத் தூக்கிக்கொண்டு அவரும் கூடவே நடந்தார். “எப்படியும் வந்துடும்க்கா, மனசை விட்டுடாதீங்க” என்று ஒவ்வொரு மின்கம்பத்தடியிலும் தேறுதல் வேறு. இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று அவளும் உருகிப்போனாள்.

“கட் சொன்னதுக்கப்புறம் இருக்கறதெல்லாம் குப்பைக்கா, அதைப் பார்த்து நேரத்தை வீணாக்காதீங்க” என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. அவளோ குப்பையையும் கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் ஒதுக்குவாள். மடியில் பூனை உட்காரும் காட்சியின் நாலாவது டேக்கையும் அப்படித்தான் பார்த்தாள்.

அவர் ‘கட்’ சொன்ன நொடியில் துரை அவர் மணிக்கட்டைப் பிறாண்டியது. மருந்தெடுக்க ஓடிய உதவியாளர் கேமராவை நிறுத்த மறந்துவிட்டார். அது பாட்டுக்கு ஓடியது. போலீஸ் உடுப்போடு அவர் துரையின் பிடரியைப் பிடித்துத் தூக்கி, ஒரு துணிப்பைக்குள் திணித்து, டிரைவரைக் கூப்பிட்டார்.

“ரெண்டு கல்லைப் போட்டு முடிச்சு போட்டுரு. பாலத்து மேல இருந்து வீசிட்டு வா. கேட்டா ஓடிப்போச்சுன்னு நான் சொல்லிக்கறேன்.”

பை துள்ளியது. உள்ளேயிருந்து துரை கத்தியது.

அவள் அழவில்லை. கொன்றதைக்கூட ஒரு நாள் மன்னிப்பாளோ என்னவோ, அந்தப் பசை வாளியை மன்னிக்கவே மாட்டாள். தனியாகக் கேட்டால் அரை மணி நேரத்தில் ஒரு கதை கட்டிவிடுவார். கதை கட்டுவதுதானே அவர் பிழைப்பு. அதனால் வாயைத் திறக்கவில்லை. வெட்டி ஒட்டும் வேலையை மட்டும் செய்தாள்.

படத்தை வாங்க வந்தவர்களுக்குக் காலை பத்து மணிக்குத் திரையிட்டார்கள். முன்வரிசையில் தயாரிப்பாளர், அவர் பக்கத்தில் மாப்பிள்ளை, அடுத்து தங்கை. துரை வரும்போதெல்லாம் தங்கை விரல்விட்டு எண்ணினாள். “அஞ்சு… ஆறு! அவ்வளவுதான், இனிமே வராது” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பின்வரிசையில் கணினி முன்னால் இருந்த அக்காவுக்கு நெஞ்சு இளகியது. இவள் என்ன பாவம் செய்தாள்? ஒரு பட்டனைத் தட்டினால் படம் நின்றுவிடும். கை அதன் மேல் போய்விட்டது.

அப்போது மாப்பிள்ளை தங்கையின் தோளைத் தட்டி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “துரை எங்க இருந்தாலும் நல்லா இருக்கும்மா.”

அவள் கையை எடுத்துவிட்டாள்.

திரையில் இன்ஸ்பெக்டர் விரலை நீட்டினார். “கொலைகாரன் இந்த அறையிலதான் இருக்கான்.” அடுத்த நொடி துரை ஏழாவது தடவையாக வந்தது. அதே போலீஸ் உடுப்பு. துணிப்பை. “பாலத்து மேல இருந்து வீசிட்டு வா” என்கிற அவர் குரல். துரையின் கத்தல் அந்தச் சின்ன அரங்கம் முழுக்கக் கேட்டது.

விளக்கு எரிந்தது. மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை.

“அது… அது சும்மா நடிச்சுப் பார்த்தது,” என்றார். தயாரிப்பாளர் அவர் மணிக்கட்டில் இருந்த நீளத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கை எழுந்தாள். புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்வரிசையைப் பார்த்துச் சொன்னாள்.

“அக்கா, அதை இன்னொரு தடவை போடு.”

போட்டாள்.