பின் சக்கரத்துக்கு ரெண்டு டயர்

டயர் கொட்டகையில் அன்று இருந்தவர்கள்: மடுகரை சிங்காரவேலு, லாரிக்குச் சொந்தக்காரன். அவன் பெண்டாட்டி சின்னபொண்ணு. வண்டி ஓட்டுகிற இன்னாசிமுத்து. கடைசிவரை பேரே சொல்லாத டயர் வியாபாரி.

கொட்டகை எல்லைக்கு அந்தப் பக்கம், இங்கிலீஷ்காரன் சீமையில் இருந்தது. யுத்தம் வந்தபின் இவர்கள் இருந்த பிரெஞ்சுக்காரன் பக்கம் டயரே கிடையாது. இங்கிலீஷ் பக்கமிருந்து பெர்மிட் இல்லாமல் கொண்டுவரவும் கூடாது. சிங்காரவேலுவின் சின்ன லாரிக்குப் பின் டயர் இரண்டிலும் நூல் தெரிந்தது. காலி வண்டியாக உருட்டிக்கொண்டு வந்ததே பெரிசு. ஊரில் வெட்டிப் போட்ட கரும்பு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அது ஆலைக்குப் போகாவிட்டால் அந்த வருசம் அவர்களுக்கு வேறு ஒன்றும் இல்லை.

வியாபாரி இரண்டு ஜோடி காட்டினான். ஒன்று புத்தம் புதுசு. இன்னொன்று தேய்ந்தது, ஒட்டுப் போட்டது. சிங்காரவேலுவின் கை புதுசுக்குப் போனது. சின்னபொண்ணு கூட வந்ததே அதற்காகத்தான். கொம்பு அழகைப் பார்த்து நொண்டி மாடு வாங்கியவன் அவன். புதுசைப் போட்டுக்கொண்டு போனால் எல்லைச் சாவடியில் விடமாட்டார்கள் என்றாள். இன்னாசிமுத்து பழசுக்குள் கையை விட்டுத் தடவி, நூல் அறுபடவில்லை, கரும்பு தீரும்வரை தாங்கும் என்றான். பழசையே எடுத்து மாட்டினார்கள்.

சின்னபொண்ணு மடியிலிருந்து சந்தனமும் குங்குமமும் எடுத்தாள். வண்டிக்குப் புதிதாக ஒரு சாமான் ஏறினால் வைக்காமல் எப்படி? இரண்டுக்கும் பொட்டு வைத்தாள். சிங்காரவேலு டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். இன்னாசிமுத்து சிலுவை போட்டுக்கொண்டு பழத்தை நசுக்கி வண்டியை எடுத்தான். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

சாவடியில் கான்ஸ்டபிள் சுப்பராயலு வண்டியைச் சுற்றி வந்தான். தெரிந்த வண்டி. போ என்று கையைக் காட்டியவன், மறுபடி குனிந்தான்.

"இன்னாபா இது, பழைய டயருக்கு எவன் பொட்டு வைப்பான்?"

"செவ்வாக்கெழம பூசைங்க," என்றான் இன்னாசிமுத்து.

"கழுத்துல சிலுவைய மாட்டிக்கினு நீ எப்படா பூசை போட ஆரம்பிச்ச?" சுப்பராயலு பொட்டில்லாத முன் டயரைக் காலால் தட்டினான். "இந்த ரெண்டும் இன்னா பாவம் பண்ணிச்சு?"

ஜாக்கி வைத்துப் பின் டயர் இரண்டையும் கழற்றச் சொன்னான். கரும்பை மட்டும் ஏற்றிவிட்டு டயரைத் தானே கொண்டுவந்து தருவதாகச் சின்னபொண்ணு கேட்டுப் பார்த்தாள். வண்டியும் டயரும் கோர்ட்டுக்குப் போகும், சொந்தக்காரனும் போவான் என்றான் அவன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"அவரு புதுசுதான் கேட்டாரு. பழச எடுக்கச் சொன்னது நான்."

"பழசுன்னுதாம்மா மொதல்ல போன்னு சொன்னேன்."

இன்னாசிமுத்துவையும் அவளையும் நடந்து ஊர் போய்ச் சேரச் சொன்னான். அவள் போகவில்லை. கரும்பு இனி அடுப்புக்குத்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சிங்காரவேலு யாரும் சொல்லாமலேயே செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுச் சாவடி லாக்கப்புக்குள் போனான். சுப்பராயலு கதவைச் சாத்திப் பூட்டினான்.