ஏலேலோவுக்கு என்ன அர்த்தம்

செம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கண்மாய் வற்றி முழங்கால் தண்ணீருக்கு வந்ததும் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அவ்வளவுதான், ஊரே உள்ளே பாயும். அவரவர் பிடித்தது அவரவருக்கு. விற்கக் கூடாது, வாங்கக் கூடாது, சும்மா கொடுக்கவும் கூடாது. அன்றைக்கு எந்த வீட்டில் மீன் குழம்பு மணக்கவில்லையோ, அந்த வீட்டை வருஷம் முழுக்கக் கேலி பேசியே கொன்றுவிடுவார்கள்.

இந்த வருஷம் பக்கத்து வீட்டு ஆனந்த்ராஜின் புதுப் பெண்டாட்டி சத்யபிரியாவும் வந்தாள். ராமநாதபுரம் பக்கம், கடற்கரையில் பிறந்தவள். மீனை மூடிப் பிடிக்கிற அடியில்லாத ஊத்தாக் கூடையை நான் சேற்றில் குத்துவதைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தாள்.

"மகேஸ்வரியக்கா, மீன் பிடிக்கிறதுக்கு உங்க ஊர்ல என்னென்ன சொல்லுவீங்க?"

"குத்துவோம், துழாவுவோம், அரிப்போம், அள்ளுவோம். போதுமா?"

"எல்லாமே ஒத்தை ஆளு செய்யிறதாவுல்ல இருக்கு. சேந்து இழுக்க ஒண்ணுமே இல்லையா? நாங்க வலை இழுக்கையில ஏலேலோன்னு சொல்லுவோம்."

"அதுக்கு என்னடி அர்த்தம்?"

"அதெல்லாம் தெரியாதுக்கா. சொன்னா எல்லாக் கையும் ஒண்ணா இழுக்கும்."

அர்த்தம் தெரியாத வார்த்தைக்கு இம்புட்டுப் பீத்தலா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அப்போதுதான் மடைப்பக்கம் அலறல். என் வீட்டுக்காரர் உடையப்பன், வண்டல் அள்ளிய பழைய குழியில் காலை விட்டுவிட்டார். மனுஷன் நல்ல கனம். மார்புவரை சேறு, அசைய அசைய உள்ளே போனார். கரையில் நின்ற டிராக்டரில் கிடந்த கயிற்றை வீசினார்கள். அக்குளில் சுற்றிக் கட்டிக்கொண்டார். நாலைந்து பேர் இழுத்தார்கள். ஒருவன் இழுக்கும்போது இன்னொருவன் கை தளர்ந்தது. மற்றவர்கள் கையில் மீன், மடியில் மீன், பார்த்துக்கொண்டே நின்றார்கள். சேறு கழுத்துக்கு வந்துவிட்டது. "ஐயோ, யாராச்சும் வாங்கப்பா!" என்று கத்தினேன்.

"ஏலேலோ!"

சத்யபிரியாதான். அந்த ஒல்லி உடம்புக்குள் அப்படி ஒரு குரலா! கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து மறுபடியும் கூப்பிட்டாள். இழுத்துக்கொண்டிருந்தவர்கள் ஏலேலோ என்று பதில் கொடுத்தார்கள். பிறகு வேடிக்கை பார்த்தவர்கள். கூடை விழுந்தது, வலை விழுந்தது, மடி அவிழ்ந்தது. அண்ணன் தம்பிக்கு ஒரு கெண்டைக்குஞ்சு விட்டுக்கொடுக்காத ஊர், ஆத்தாடி, கரைநெடுக ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் இழுத்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சளக்கென்று சேறு விட்டது. என் மனுஷன் கரையில் வந்து விழுந்து இருமினார்.

திரும்பிப் பார்த்தால், போட்ட மீனெல்லாம் தண்ணீருக்குத் துள்ளிப் போய்விட்டது. அதற்குமேல் யாரும் கண்மாயில் இறங்கவில்லை.

சாயங்காலம் அவரைக் குளிக்கவைத்துப் படுக்கவைத்துவிட்டுத் தெருவில் இறங்கினேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தேன். ஒரு வீட்டிலும் மீன் மணக்கவில்லை. வீட்டுக்கு வீடு பருப்புக் குழம்புதான். நடுத்தெரு என்றும் பாராமல் நின்று அழுதேன்.