சாயம் பிடிக்கிற மாதிரி

லிங்கசாமி மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை. சேவூரில் சாயப்பட்டறை வைத்திருந்தவர் அவர். ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் மண்ணில் எவ்வளவு ஒட்டும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது என் ஆராய்ச்சி. 1993இல் பட்டறைப் பக்கம் மண் எடுக்கப் போனபோது அவரே வந்து கேட்டார்.

"சாயத்தண்ணியில இருக்கற ஈயத்தையெல்லாம் மண்ணு என்ன பண்ணுமுங்க, அம்மிணி?"

"களிமண்ணும் அதுல இருக்கற பாக்டீரியாவும் பிடிச்சு வெச்சுக்குமுங்க. ஆனா ஆசிட் பட்டா விட்டுரும்."

பிடிக்கும் என்றால் சாயக்காரருக்கு ஒரே அர்த்தம்தான். துணியில் நன்றாகப் பிடித்த சாயம் எத்தனை துவைத்தாலும் போகாது. 'ஆனா'வுக்குப் பிறகு நான் சொன்னது அந்த மனுஷன் காதில் ஏறவேயில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி பொங்கியண்ணனிடம், "மண்ணு புடிச்சுக்குமாம், படிச்ச புள்ளையே சொல்லிருச்சு. உன்ற கெணத்துக்கு ஒண்ணும் ஆவாது" என்று அடித்துச் சொல்லிவிட்டு, அந்தக் கிணற்றை ஒட்டிக் குழி வெட்டிக் கழிவுநீரை விட்டார். பிறகு சலவை ஆசிட்டையும் அதே குழியில் கொட்டினார். மண் பிடித்து வைத்திருந்த விஷமெல்லாம் கிணற்றுக்குள் இறங்கியது.

அடுத்த வருஷம் பொங்கியண்ணனின் எருமைகள் செத்தன. அவர் மனைவி ரங்காத்தாளுக்குக் கரு கலைந்தது. பொங்கியண்ணன் ஆள் அனுப்பிக் கேட்டதால் நான் கிணற்று நீரைச் சோதித்தேன். முடிவோடு தோட்டத்துக்குப் போய், "ஈயமுங்க, இனி ஒரு சொட்டுக் குடிக்காதீங்க" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அவர் பட்டறைக்கு ஓடிவிட்டார்.

லிங்கசாமியின் தலைமுடியைப் பற்றித் தோட்டத்துக்கு இழுத்து வந்தார். விறகுக் கட்டையால் அடித்த அடியில் முன்பற்கள் தெறித்தன. தடுக்க வந்த பட்டறை வேலையாள் மொக்கைச்சாமிக்குக் கை ஒடிந்தது. கிணற்றடித் தொட்டியில் லிங்கசாமியின் முகத்தை அமுக்கி, "குடிடா, குடி!" என்று கத்தினார். தண்ணீர் சிவந்தது.

பொங்கியண்ணனின் தோளைப் பிடித்து இழுத்தேன்.

பிடியைத் தளர்த்தித் திரும்பினார். "இதைக் குடிச்சா இவன் சாவானா? சொல்லு கண்ணு."

லிங்கசாமி இருமிக்கொண்டே என்னைப் பார்த்தார். எப்படியாவது அவர் உயிரைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று மட்டுமே தோன்றியது; இந்தத் தண்ணீர் உடனே கொல்லாது என்றால் விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

"ஒரு வாய்க்கெல்லாம் சாகமாட்டாருங்க. மாசக்கணக்கா குடிச்சாத்தான் எலும்புல சேரும்."

"நாங்க ஒரு வாயா குடிச்சோம்?"

அந்தத் தலையை மறுபடியும் தண்ணீருக்குள் அமுக்கினார். கால்கள் மண்ணை உதைத்தன. விடச்சொல்லி அலறியபடி அவர் கையில் தொங்கினேன். யாரோ என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து என்னைப் பின்னால் இழுத்தார்கள். திரும்பிப் பார்த்தேன், ரங்காத்தாள்.