காக்காத்துவா தின்ற சோறு

கமலாத்தாளின் வருசத் திதிச் சோற்றின் முன் அன்று இருந்தவர்கள்: அவள் புருசன் ராக்கப்பன், தங்கை பூவாத்தாள், அப்பா குப்பண்ணன், பினாங்கிலிருந்து திரும்பி வந்த சித்தப்பா ஆறுச்சாமி, அவருடைய வெள்ளைப் பறவை, கேரள எல்லையோரக் கோபாலபுரத்துக் காகங்கள் அனைத்தும். காகங்கள் இலைக்கு ஒரு முழம் மேலே சிறகடிக்காமல் அந்தரத்தில் நின்றன. இறங்கவில்லை. சில தூங்கிவிட்டன.

அது 1973. மாங்காய்க்கு நல்ல விலை. ராக்கப்பனுக்குப் பூவாத்தாளைக் கட்டிவைப்பதென்று பேசி முடித்திருந்தார்கள். இருவருக்கும் விருப்பம்தான். ஆனால் காகம் சோறெடுத்து அக்கா சம்மதம் சொல்லாமல் அவன் வீட்டு வாசற்படியை மிதிப்பதில்லை என்று பூவாத்தாள் சொல்லிவிட்டாள். அக்காவோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள். அவள் பிடிவாதம் இவளுக்குத் தெரியும். குப்பண்ணன் கும்பிட்டார், வடை வைத்தார், கடைசியில் கல்லெறிந்தார். கல்லும் காகங்களோடு அங்கேயே நின்றுகொண்டது. வெயில் ஏறியதும் வெள்ளைப் பறவை ஆறுச்சாமியின் தோளிலிருந்து இறங்கி, நடந்து வந்து, இலையில் வாய் வைத்தது.

“ஏனுங் மாமா, கிளி தின்னா எப்படிங்க செல்லும்?” என்றான் ராக்கப்பன்.

“கிளின்னு எவஞ் சொன்னான்?” என்றார் ஆறுச்சாமி. “அதும்பேரு காக்காத்துவா. செக்போஸ்ட்டுல மலையாளத்துப் போலீசு கேட்டான், சொன்னேன். ‘ஓ, காக்கயோ, போய்க்கோ’ன்னுட்டான். சர்க்காரே காக்கான்னு விட்டுப்போட்டான்.”

“பினாங்குல காக்காயும் சோப்புப் போட்டுக் குளிக்குமாட்ட இருக்குது” என்றார் குப்பண்ணன்.

பூவாத்தாள் சிரிக்கவில்லை. “அந்தப் பேருக்கு அந்த ஊர்ல என்னங்க அர்த்தம், சித்தப்பா?”

ஆறுச்சாமி தலையைச் சொறிந்தார். “காக்கான்னா அவங்களுக்கு அக்கா. துவான்னா வயசானது. மூத்தக்கான்னு வெச்சுக்கோ கண்ணு.”

பறவை கொண்டையை விரித்தது. “பூவு, சோத்துல உப்பே இல்ல புள்ள” என்றது, கமலாத்தாளின் குரலில். காகங்கள் பொத்பொத்தென்று விழுந்து, எழுந்து, மிச்சத்தைத் தின்றன. கல் குப்பண்ணனின் கால்விரலில் விழுந்தது.

காகம் சோறெடுத்தது என்றே ஊர் சொன்னது. ஆவணியில் கல்யாணம். பறவையை யாரும் சீராகக் கொடுக்கவில்லை; அதுவே பந்தலுக்கு வந்து மணமகளின் தோளில் உட்கார்ந்துகொண்டது. மாலையில் பூவாத்தாள் தோளில் பறவையோடு வலது காலை எடுத்துவைத்து ராக்கப்பன் வீட்டுக்குள் போனாள். பின்னால் வந்த ராக்கப்பன் செருப்பைக் கழற்றக் குனிந்த நேரத்தில் பறவை அலகால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டது. உள்ளே இரண்டு பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. “கமலா” என்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தான். பதிலுக்குப் பூட்டும் விழுந்தது.