சிரிப்பிலிருந்து எடுத்த நூல்

எங்கள் தெரு நூல்காரிக்கு ஏதாவது ஒன்று மனதுக்குப் பிடித்துப்போனால் அதிலிருந்து ஒரு நூல் வெளியே நீட்டிக்கொள்ளும்; அவள் அதை இழுத்து உருண்டையாகச் சுற்றிக்கொள்வாள். துருப்பிடித்த கேட்டிலிருந்து சொரசொரப்பான செம்பழுப்பு நூல் வந்தது. மழை விட்ட பிறகு கூரைக்குழாய் சொட்டும் சத்தத்திலிருந்து வந்த சாம்பல் இழையை வெயிலில் காயவைத்துத்தான் தறியில் ஏற்ற முடிந்தது. கடிகாரம் பழுதுபார்க்கும் அவள் கணவனின் குறட்டை தடித்த கம்பளியாக வந்தது, அதற்குப் பஞ்சமே இல்லை. இவற்றையெல்லாம் கொண்டு அவள் சுவரில் தொங்கவிடும் பெரிய துணிச் சித்திரங்களை நெய்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் தெருவில் ஆளுக்கொன்று பேசினார்கள். பிறகு, "எங்க மாடிச் சுவத்துல நல்லா பாசி புடிச்சிருக்கு, வந்து பாருங்களேன்" என்று அவர்களே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

நூலை இழுத்தால் பொருள் சற்று வெளிறும், மறுநாளே தேறிவிடும். ஆனால் ஒரு சாண் நூலையாவது உள்ளே விட்டுக் கத்தரிக்க வேண்டும். நுனி வெளியே வந்துவிட்டால் அது மறுபடி ஊறாது. தொழில் பழகும் காலத்தில் அவள் வீட்டுக் குக்கரின் விசிலை நுனிவரை இழுத்துவிட்டாள். அந்தக் குக்கர் அப்புறம் வாயே திறக்கவில்லை.

குழந்தைகள் ஆஸ்பத்திரியின் நீளச் சுவருக்கு ஒரு சித்திரம் கேட்டு வந்தபோது அவளுக்குத் துருவும் பாசியும் அலுத்துப்போயிருந்தன. அந்தச் சமயம் பார்த்து அவள் நாத்தனார் சிரித்தாள். நாத்தனார் பஸ் கண்டக்டர். அவள் சிரித்தால் டிரைவர் பிரேக்கில் கால் வைத்துவிடுவார் என்று பெயர். அந்தச் சிரிப்பிலிருந்து, விலாவில் கூச்சம் காட்டும் இடத்தில், வெதுவெதுப்பான மஞ்சள் நூல் எட்டிப் பார்த்தது. டியூட்டி முடிந்து வந்ததும் நாத்தனார் பஸ்ஸில் நடந்ததைச் சொல்லிச் சிரிப்பாள். நூல்காரி இழுத்து இழுத்து நெய்வாள். வேலை முடியப்போகிற அன்று, பக்கத்துச் சீட்டுக்காரர் தோளில் சாய்ந்து தூங்கிய பயணி ஒருவர் இறங்கும்போது தலையணைக்கு நன்றி சொன்ன கதை வந்தது. நூல்காரி தானும் விழுந்து விழுந்து சிரித்ததில் கத்தரிக்கோலை மறந்துபோனாள். நுனி கையோடு வந்துவிட்டது.

சித்திரத்தை மாட்டிய அன்றே, ஊசிக்கு அழுத பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்த்துக் கெக்கெக்கென்று சிரித்தார்கள். நூல்காரி தன் வாழ்நாளில் அதைப் போல ஒன்றை நெய்ததில்லை. வீட்டிலோ நாத்தனார் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டாள். "சிரிப்பு வருது அண்ணி. வாசல்வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிடுது" என்றாள். பஸ்ஸில் பயணிகள் சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சித்திரம் நூல்காரிக்கு உயிர்தான், ஆனாலும் நாத்தனாரைக் கையோடு அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஏணி போட்டு ஏறி, நுனியைக் கண்டுபிடித்துப் பிரிக்கத் தொடங்கினாள்.

பிரித்த நூல் தானாகவே நாத்தனாரின் விலாவுக்குள் போனது. பாதி போனதும் அவள் உதடு துடித்தது, தோள் குலுங்கியது, பிறகு ஜன்னல் கண்ணாடி அதிர ஒரு சிரிப்பு வந்தது. அதே சமயம் சுவர் வெறுமையாவதைப் பார்த்துக் கட்டிலில் இருந்த சிறுமி ஒருத்தி விசும்பினாள். நாத்தனார் அவளைப் பார்த்தாள்.

"போதும் அண்ணி, இறங்குங்க."

"பாதியிலயா? சரி, இந்த இடத்துல வெட்டிடறேன்."

"வெட்டாதீங்க. வெட்டினா ஆளுக்குப் பாதிதான். வெட்டலைன்னா எல்லாருக்கும் முழுசு."

நூல்காரி ஏணியிலேயே உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள்.

அன்றிலிருந்து அந்த மஞ்சள் நூல் ஆஸ்பத்திரிச் சுவரிலிருந்து படியிறங்கி, கடைத்தெரு வழியாக, பஸ் போகும் இடமெல்லாம் போய்வருகிறது. லாரிக்காரர்கள் நிறுத்தி, கம்பால் தூக்கிவிட்டு அடியில் போகிறார்கள். இதுவரை அது அறுந்ததும் இல்லை, சிக்கல் விழுந்ததும் இல்லை. ஆஸ்பத்திரியில் எந்தப் பிள்ளையாவது இழுத்தால், எங்கோ ஓடும் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். ஏதோ ஒரு குழந்தை எழுந்து உட்கார்ந்துவிட்டது என்று பயணிகள் பேசிக்கொண்டு, சில்லறையைக் கையில் வைத்தபடி அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருக்கிறார்கள்.