பத்து மணிப் பதிவு

சனிக்கிழமை காலை அவள் அவனுக்காகக் கடைசியாகச் செய்த வேலை, ஒரு சின்னக் கம்பியின் காலை வளைத்தது.

கூடத்து மின்விசிறியின் கீழே முக்காலியைப் போட்டு அவன் ஏறி நின்றிருந்தான். பக்கத்தில் சாப்பாட்டு மேசை நாற்காலி மேல் அவள். விசிறித் தண்டின் உச்சியை மறைத்திருக்கும் கிண்ணம் போன்ற மூடியை அவன் கீழே இறக்கிவிட்டிருந்தான். கூரைக் கொக்கியில் விசிறியைத் தொங்கவிடும் போல்ட்டும், போல்ட்டின் நுனித் துளைக்குள் கொண்டை ஊசி மாதிரி இரண்டு காலுள்ள ஒரு கம்பியும் வெளியே தெரிந்தன. கடையில் அதை ஸ்பிளிட் பின் என்பார்கள். இவர்கள் வீட்டில் வெறும் பின்.

இடது காலைக் குறடால் பிடித்து அவன் பதவிசாக மடித்தான்.

"அடுத்த காலை நீ வளை, புரூஃப் மேடம். வளைக்கிற கை படத்துல தெரியணும்."

"என் கையா? நகமெல்லாம் மஞ்சள் கறை."

"படிக்கிறவன் பின்னைப் பார்ப்பானா, உன் நகத்தைப் பார்ப்பானா?"

அவள் அழுத்தினாள். கால் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டு மடங்கியது.

"கோணலாப் போச்சே."

"போகட்டும். கழண்டு வராது. பின்னுக்கு அழகு எதுக்கு?"

பிறகு ஒரு மணி நேரம் மடிக்கணினியைத் தட்டினான். "செவ்வாய் பத்து மணிக்குப் போட்டாச்சு" என்றான். கடிகாரத்துக்கு பேட்டரி வாங்கி வருவதாகச் சொல்லிச் செருப்பை மாட்டினான். "மூடியை வந்து மாட்டிக்கிறேன், நீ ஏறாதே" என்றான். பேட்டரிக் கடையில் மீதிச் சில்லறைக்குக் கையை நீட்டியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டானாம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கூடவே விழுந்த அவன் கைபேசியும் அதற்குப் பிறகு கண் திறக்கவில்லை.

அவன் பிழைப்பே மின்விசிறிதான். கிடங்கு ஒன்றில் சரக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவனுக்குச் சின்ன வயதிலிருந்து விசிறிப் பைத்தியம். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கூரையைத்தான் பார்ப்பான். வலைப்பதிவு ஒன்று தொடங்கி, எந்த விசிறி எப்படிச் சுற்றுகிறது, எது ஏன் முனகுகிறது என்று எழுதினான். ஊர் தெரியாத ஜனங்கள் தங்கள் வீட்டு விசிறிச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்புவார்கள். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பேரிங்" என்பான், அல்லது "இறக்கைத் திருகு" என்பான். பெரும்பாலும் சரியாக இருக்கும். விளம்பரம் வந்தது. உதிரிபாகம் விற்கும் நிறுவனம் ஒன்று மாதாமாதம் பணம் தர முன்வந்தது. மூன்று வருடத்துக்கு முன் கிடங்கு வேலையை விட்டான். அவன் அண்ணன் மட்டும் கல்யாண வீடு, காரிய வீடு எல்லாவற்றிலும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். "என் தம்பி காத்தை எழுதிக் காசாக்குறான்பா."

அவள் அச்சகத்தில் பதினாறு வருடம் மெய்ப்புத் திருத்தியவள். அச்சகம் மூடியபின் அவன் பதிவுகள்தான் அவள் மெய்ப்பு. இதில் இருவருக்கும் ஒரு விளையாட்டு உண்டு. பழுது பார்ப்பதைப் படிப்படியாக எழுதும்போது அவன் வேண்டுமென்றே ஒரு படியை விட்டுவிடுவான். செவ்வாய் காலை எட்டு மணிக்கு அவள் டீயோடு உட்கார்ந்து படித்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் அன்றைய சமையல் அவன் பொறுப்பு. "குறடே பிடிக்காத நீ கண்டுபிடிச்சாத்தான் நான் தெளிவா எழுதியிருக்கேன்னு அர்த்தம்" என்பான். பிறகு அந்தப் படியைச் சேர்ப்பான். பத்து மணிக்குப் பதிவு தானாக வெளியாகும். இரண்டு வருடத்தில் அவள் தோற்றது நான்கே முறை. அப்போதும் அவனே சிரித்துக்கொண்டு சேர்த்துவிடுவான். ஓட்டையோடு ஒரு பதிவும் வெளியே போனதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை வீடு நிறைய மனிதர்கள். யாரோ நாற்காலி கேட்டார்கள், யாரோ தண்ணீர் கேட்டார்கள். அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் கிடந்த அவள் கைபேசி இரண்டு முறை அதிர்ந்தது. அப்படி இரட்டையாக அதிர்வது அவன் பதிவுக்கு மட்டும்தான். திரையில் அவன் பெயர். அவன் புதிய பதிவு வெளியிட்டிருக்கிறான்.

அரை நொடி அவளுக்கு எல்லாமே தவறாக நடந்துவிட்ட கனவு என்று தோன்றியது. அடுத்த அரை நொடியில் கண் கீழே இறங்கியது. பதிவின் தலைப்பு: 'கூரை விசிறியை நீங்களே மாட்டலாம், பதினோரு படிகளில்.'

பன்னிரண்டு இருந்திருக்க வேண்டும்.

அவள் எழுந்து உள்ளறைக்குப் போனாள். தங்கை பின்னாலேயே ஓடி வந்தாள்.

"என்னக்கா? தலை சுத்துதா?"

"கதவைச் சாத்து. இதைப் படி. எது விட்டுப்போயிருக்குன்னு சொல்லு."

தங்கைக்கு விளையாட்டு தெரியும். அவள் முகமும் மாறியது. இருவரும் தலையோடு தலை முட்டிப் படித்தார்கள். மின்சாரத்தை மெயினில் நிறுத்துவது இருந்தது. கொக்கியை இழுத்துப் பார்ப்பது இருந்தது. போல்ட், நட்டு, பின், கம்பிகளின் நிறம், மூடி, எல்லாம் இருந்தன.

"எல்லாம் இருக்கேக்கா."

"அவர் விடாம இருந்ததே இல்ல. என்னவோ ஒண்ணு இல்ல."

"இன்னைக்கே படிச்சு இன்னைக்கே யார் ஏறப்போறா?"

பதில் சொல்வது போலப் பதிவின் கீழே ஒரு பின்னூட்டம் வந்து விழுந்தது. 'மூணாம் மாடி' என்று எழுதுகிறவர், பழைய வாசகர். *சார், உங்க பதிவுக்குத்தான் ஒரு வாரமா காத்திருந்தேன். பாப்பா ரூம் ஃபேன். லீவு போட்டுட்டு ஏணி மேல நிக்கிறேன். தூளி கட்டுற நேரத்துக்குள்ள முடிச்சிடுவேன்.*

அவள் எழுதினாள்: 'நிறுத்துங்கள். பதிவில் ஒரு படி குறைகிறது. விசிறியைப் போடாதீர்கள்.' அனுப்பினாள். திரை மரியாதையாகச் சொன்னது: உங்கள் பின்னூட்டம் பதிவரின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது.

முதல் முறை எழுதுகிறவர்களை அவன் பார்த்துத்தான் அனுமதிப்பான். இரண்டு வருடம் ஒவ்வொரு வரியையும் திருத்தியவள் அங்கே ஒரு வார்த்தை எழுதியதில்லை. வேண்டியதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாளே. அவன் வலைப்பதிவுக்கு அவள் யாரோ.

மடிக்கணினியை எடுத்தாள். அது ஆறு இலக்க எண் கேட்டது. கல்யாண நாளைப் போட்டாள். இல்லை. அவன் பிறந்த நாள். இல்லை. அவளுடையது. அதுவும் இல்லை. இன்னும் இரண்டு முறைதான், அப்புறம் ஒரு மணி நேரம் பூட்டிக்கொள்வேன் என்றது.

கதவைத் தட்டிக்கொண்டு அவன் அண்ணன் உள்ளே வந்தார். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம்.

"என்னம்மா, ஆளுங்க எல்லாம் வெளிய உக்காந்திருக்காங்க."

அவள் சொன்னாள். அவர் நின்றபடியே கேட்டார். முழுதும் புரிந்ததும் கட்டிலில் உட்கார்ந்தார்.

"தப்பு வச்சு எழுதுறதா ஒரு விளையாட்டு? அவனுக்குத்தான் கிறுக்கு, உனக்குமா?"

"ஆமா அத்தான். ரெண்டு பேருக்கும்தான்."

"சரி, கேளு. உள்ள போய் அதை அழிச்சிடு. காரணம் எழுதாதே. வேணும்னே விட்டான்னு வெளிய தெரிஞ்சா அந்தக் கம்பெனிக்காரன் நாளைக்கே ஓடிடுவான். உனக்கு வேற சம்பாத்தியம் இருக்கா?"

"அழிச்சா? ஏற்கெனவே படிச்சவருக்கு எப்படித் தெரியும்? அவர் ஏணி மேல நிக்கிறார்."

"உனக்கு நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்."

"தெரியுது அத்தான். அந்த ஃபேனுக்குக் கீழ தூளி கட்டப் போறாங்க."

அவர் எழுந்து கணினியின் பக்கம் வந்து நின்றார்.

தங்கை கணினியையே முறைத்துக்கொண்டிருந்தாள். "மாமா இதைத் திறக்கும்போது ஏதாவது முணுமுணுப்பாரா?"

"முணுமுணுக்க மாட்டார். மேல பார்ப்பார். என்ன, ஃபேனுக்குக் கும்பிடு போட்டாத்தான் திறக்குமான்னு கேட்பேன்."

சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. ஒவ்வொரு விசிறிக்கும் பிறந்த எண் உண்டு என்று அவன் ஒரு பதிவே எழுதியிருந்தான். மோட்டாரின் மேல்பக்கம், கீழிருந்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில். அந்த எண்கூட ஆறு இலக்கம்தான்.

கூடத்தில் விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கீழே பத்துப் பன்னிரண்டு பேர். அவள் போய்ச் சுவிட்சை அணைத்தாள். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இறக்கைகள் நிற்க எடுத்துக்கொண்ட நேரம் அவளுக்கு யுகமாக இருந்தது. தங்கை முக்காலியை இழுத்து வந்தாள். யாரோ ஒரு அத்தை, "ஐயோ, இவளுக்கு என்ன ஆச்சு, யாராவது பிடிங்க" என்றாள்.

"நான் பிடிச்சுக்கிறேன்" என்றார் அண்ணன். முட்டி போட்டு முக்காலியின் கால்களைப் பிடித்துக்கொண்டார். "ஏறும்மா. கீழ பார்க்காதே."

ஒரு கையால் தண்டைப் பற்றி ஏறினாள். மோட்டாரின் மேல் பழைய சீட்டு, ஓரம் சுருண்டு. எண்ணை உரக்கப் படித்தாள். தங்கை உள்ளே ஓடினாள்.

அவள் இறங்கவில்லை. சனிக்கிழமை இறக்கிய மூடி அப்படியே இறங்கிக் கிடந்தது. கண்ணெதிரே கொக்கி, போல்ட், நட்டு, பின். பின்னின் இரண்டு கால்கள். இடது கால் பதவிசாக மடிந்தது. வலது கால் கோணல்.

எட்டாம் படி நினைவுக்கு வந்தது: 'பின்னைத் துளைக்குள் முழுதாகச் செருகவும்.' ஒன்பதாம் படி: 'மின்கம்பிகளை நிறம் பார்த்து இணைக்கவும்.' நடுவில் காலை மடிக்கச் சொல்லவே இல்லை, அவள் கை தெரியும் படமும் இல்லை. அவள் கையாலேயே வளைத்ததை மூன்று முறை படித்தும் கண்டுபிடிக்கவில்லை. மடிக்காத பின் சுற்றுகிற அதிர்விலேயே மெல்ல நழுவும். பிறகு நட்டு. பிறகு போல்ட்.

முதல் முறையாக அவன்மேல் கோபம் வந்தது. போயும் போயும் இதையா விட்டீர்கள்? பதிலும் அவளுக்குத் தெரியும். நீ பிடிச்சுடுவேன்னுதான், என்பான்.

"அக்கா, திறந்துடுச்சு" என்று உள்ளேயிருந்து குரல்.

மணி பதினொன்று பத்து. பதிவின் தலையில் தடித்த எழுத்தில் அவள் எழுதினாள்: 'எட்டாம் படிக்குப் பின் ஒரு படி விடுபட்டுள்ளது. பின்னின் இரண்டு கால்களையும் குறடால் எதிரெதிராக விரித்து மடிக்க வேண்டும். மடிக்காமல் மாட்டியவர்கள் உடனே விசிறியை நிறுத்தி, அதன் கீழிருந்து விலகுங்கள். இந்தப் பதிவர் சனிக்கிழமை இறந்துவிட்டார். நான் திருத்துவதற்காக அவர் ஒரு படியை விட்டு எழுதுவது வழக்கம். இம்முறை திருத்த நான் தவறிவிட்டேன். அவர் மனைவி.'

அண்ணன் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தார். வேண்டாமென்று சொல்வாரென்று நினைத்தாள்.

"அவனுக்குத் தனியா அனுப்பு. அந்த மூணாம் மாடிக்கு" என்றார்.

'மூணாம் மாடி'யின் பின்னூட்டத்தோடு மின்னஞ்சல் முகவரி இருந்தது. அனுப்பினாள். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினொன்றரை. கூடத்தில் விசிறி இல்லாமல் ஜனங்கள் நாளிதழால் வீசிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பதினொன்று நாற்பது. அண்ணன் எழுந்து ஜன்னலுக்குப் போனார், வந்தார், மறுபடி போனார்.

"செத்தும் நிம்மதியா இருக்க விடுறானா பாரு" என்றார் ஜன்னலைப் பார்த்தபடி.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்தது.

*அம்மா, ஃபேன் போட்டு அரை மணி ஆச்சு. பாப்பா தூளியில தூங்கிட்டு இருந்தா. உங்க மெயிலைப் பார்த்ததும் தூளியோட தூக்கிட்டேன். ஏறிப் பார்த்தேன். பின் பாதி வெளிய வந்திருந்தது. இப்ப மடிச்சுட்டேன். சாரைப் பத்தி என்ன சொல்றதுன்னு தெரியலம்மா.*

தங்கை முகத்தைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து, தம்பியின் மடிக்கணினியை மெதுவாக மூடினார். சனிக்கிழமையிலிருந்து அழாத அவள் அப்போதுதான் அழுதாள்.

உதிரிபாக நிறுவனம் இரண்டு மாதத்தில் விலகிக்கொண்டது. அண்ணன் சொன்னது பொய்யில்லை. வாசகர்கள் சிலர் திட்டினார்கள், பலர் தங்கினார்கள். விளம்பரத்தில் வருவது முன்பு வந்ததில் பாதி. அதில்தான் வீடு ஓடுகிறது. விசிறிச் சத்தங்கள் இன்னும் வருகின்றன. பழைய பதிவுகளை வைத்துக்கொண்டு, முதலில் தப்பும் தவறுமாக, இப்போது ஓரளவு சரியாகப் பதில் எழுதுகிறாள். பத்து மணிக்குத் தானாக வெளியாகும்படி எதையும் வைப்பதில்லை. படித்துவிட்டு அவளே பொத்தானை அழுத்துகிறாள். 'மூணாம் மாடி' செவ்வாய்தோறும் முதல் ஆளாகப் படிக்கிறார்.

மாதம் ஒரு முறை அண்ணன் வந்து முக்காலியைப் பிடித்துக்கொள்ள, அவள் ஏறி இறக்கைகளைத் துடைப்பாள். அப்போது மூடியைக் கொஞ்சம் இறக்கிப் பார்ப்பாள். இடது கால் பதவிசாக மடிந்திருக்கிறது. வலது கால் கோணல்.