இருபத்தைந்து டெசிபல்

அம்பிட்டியவில் றமீஸாவின் வீட்டுக்குப் போகிறவர்கள் அந்தப் புது எக்ஸோஸ்ட் ஃபேனைப் பாராட்டாமல் தப்ப முடியாது. பாத்ரூம் சீலிங்கில் இருந்த பழையது நெல்லு மில் மாதிரிக் கத்தும். இதுவோ, காகிதத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தால்தான் சுற்றுவதே தெரியும். "இருபத்தஞ்சு டெசிபல்!" என்று பெருமையடிப்பாள். டெசிபல் என்றால் என்னவென்று அவளுக்கே தெரியாது, அது வேறு விஷயம்.

வாங்கியதே மருமகளுக்காகத்தான். இல்மா கலகெதரயிலிருந்து மணமாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிள்ளைக்கு அந்த இரைச்சலில் தலை வலிக்கக் கூடாதே என்ற பாசம். ஆனால் ஃபேன் மாட்டிய நாளிலிருந்து பிள்ளை வாடிப்போனாள். தேத்தண்ணி வேண்டாம், ஜூஸ் வேண்டாம், பச்சைத் தண்ணிகூட வேண்டாம். அடிவயிறு வலிக்கிறதென்று சுருண்டு படுத்தாள். கடைசியில், "கொஞ்ச நாளைக்கு உம்மாட ஊட்டுக்குப் போய் வரவா மாமி?" என்று கேட்டும் விட்டாள்.

"நான் என்ன குறை வெச்சேன் மகள்?"

"ஒண்டும் இல்ல மாமி."

ஊர் நாலு விதமாகப் பேசும், பேசிவிட்டுப் போகட்டும். றமீஸாவுக்கு இந்தப் பிள்ளையைப் பிடித்துப்போயிருந்தது. இப்படிப் போகிறவளுக்குத் திரும்பி வர மனம் வருமா?

ஒருவேளை ஃபேன் பெட்டியில் போட்டிருந்தது பொய்யோ, இன்னும் சத்தம்தான் பிள்ளையை வாட்டுகிறதோ என்று ஒரு சந்தேகம் கிளம்பியது. ஃபேன் மாட்டிய ரிஸ்மிக்கு உடனே போன் போட்டாள்.

"பத்து டெசிபல் கூடினா காதுக்கு ரெண்டு மடங்கு மாதிரிக் கேக்கும் லாத்தா. பழையது அம்பத்தஞ்சு வரும். கணக்குப் பாருங்க, எட்டு மடங்கு!"

அடேயப்பா! றமீஸாவுக்கு ஆராய்ச்சிப் பைத்தியம் பிடித்துவிட்டது. மகன் ஸாகியிடம் சொல்லிச் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றைப் போனில் போட்டுக்கொண்டாள். ஃப்ரிட்ஜை அளந்தாள், தகரத்தில் விழுந்த மழையை அளந்தாள், கணவர் முஹைதீனின் குறட்டையையும் விடவில்லை. குறட்டைதான் வென்றது. ஃபேனுக்கு நேர்கீழே நின்று பார்த்தால், பெட்டி சொன்னது கிட்டத்தட்ட உண்மைதான்.

அடுத்த நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு முஹைதீன் பாத்ரூமுக்குள் போனார். வெளியில் எவ்வளவு கேட்கிறதென்று பார்ப்போமே என்று றமீஸா ஹோல் கதிரையில் போனோடு உட்கார்ந்தாள். அந்தக் கதிரைக்கும் பாத்ரூமுக்கும் இடையில் ஒரு மெல்லிய பலகைக் கதவுதான்.

ஃபேன் கேட்கவே இல்லை. அவர் தொண்டையைக் காறியது கேட்டது. வாளி நகர்ந்தது கேட்டது. மற்றதும் கேட்டது, அதையெல்லாம் இங்கே சொல்ல வேண்டியதில்லை. அட்சரம் பிசகாமல் கேட்டது.

"யா அல்லாஹ்!"

புதுப்பெண்ணைப் பார்க்கவென்று தினமும் சொந்தக்காரர்கள் வந்து நிறைந்திருப்பது இந்த ஹோலில்தானே! சாச்சா, மாமா, மச்சான்மார் எல்லோரும் இருக்கும் இடம். அவர்களைத் தாண்டித்தான் அந்தப் பிள்ளை உள்ளே போக வேண்டும். பழைய சனியன் கத்தியபோது அவளுக்கு ஒரு மறைப்பு இருந்தது. அந்தத் திரையைத் தன் கையாலேயே கிழித்துப்போட்டுவிட்டு ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறாளே! றமீஸாவுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

மறுநாள் காலையிலேயே ரிஸ்மி ஏணியோடு வந்தான்.

"சத்தம் போடுறத திரும்பவும் மாட்டச் சொல்ற முதல் ஆள் நீங்கதான் லாத்தா. என்ன பிழை இதுல?"

இல்மா அறை வாசலில் நின்றாள். பின்னால் கட்டிலில் பாதி அடுக்கிய பை கிடந்தது. றமீஸா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"ஃபேன்ல பிழ இல்ல. எனக்குத்தான் சரிவருதில்ல," என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "ஹோல்ல ஆக்கள் ஈக்கக்குள்ள உள்ளுக்குப் போக எனக்கு மிச்சம் கூச்சமா ஈக்குது. எல்லாம் வெளிய கேக்குதே!"

முஹைதீன் விழுந்து விழுந்து சிரித்தார். "இந்த வயசில உனக்கு வந்த வெட்கத்தப் பாரு!"

"ஓ, வந்திருக்கு. உங்களுக்கு என்ன?"

இல்மா மெல்ல வந்து மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

"எனக்கும்தான் மாமி," என்றாள்.